வாசகர் மனம் வெல்லாத தலைவர்கள்

கதையில் தலைவனாக நிறுத்தப்படும் ஒருவர் வாசகரின் அன்புக்குரியவராக ஆகாமல் போவது இலக்கிய விமர்சனத்தின் பழைய சிக்கல்களில் ஒன்று. ஸ்டார் ட்ரெக் போன்ற விண்கலக் கதைகளின் ரசிகர்கள் எந்தக் கேப்டன் சிறந்தவர், எவர் ஏன் மனதில் நிற்கவில்லை என்று பல பத்தாண்டுகளாக விவாதித்து வருகின்றனர். தமிழில் விண்கலத் தலைவர்கள் மிகக் குறைவு. ஆனால் யானைமேல் உலா வரும் அரசர், படை நடத்தும் தளபதி, கடல் கடக்கும் இளவரசர் எனத் தலைமை மாந்தர் பலர் உண்டு. அவர்களில் சிலர் தலைமுறைகளைக் கடந்து நேசிக்கப்படுகின்றனர். சிலர் தம் பெயரில் அமைந்த நூலிலேயே பின்னால் நிற்கின்றனர். இந்த வேறுபாட்டை அருகருகே வைத்துக் காணத் தாராசுரம் பொருத்தமான இடம்.

தாராசுரத்தின் இரு மரபுகள்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலைக் கட்டியவர் இரண்டாம் ராஜராஜ சோழர் (ஆட்சிக்காலம் பொ.யு. 1146-1173). சோழர்களின் இரண்டாம் தலைநகர்போல விளங்கிய பழையாறையை ஒட்டிய பகுதி இது. கோயிலின் முன்மண்டபம் ராசகம்பீரன் திருமண்டபம் எனப்படுகிறது. ராசகம்பீரன் என்பது அரசரின் பட்டப்பெயர். மண்டபத்தின் பக்கவாட்டில் சக்கரங்களும் பாயும் குதிரைகளும் செதுக்கப்பட்டு, மண்டபமே ஒரு தேராக அமைக்கப்பட்டுள்ளது. 2004-ல் இக்கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது.

இவ்வரசர் காலத்தில் தமிழில் இரு மரபுகள் ஒரே அவையைச் சுற்றி இருந்தன. ஒன்று அரசரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்ட மரபு. ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழர், இரண்டாம் குலோத்துங்க சோழர், இரண்டாம் ராஜராஜ சோழர் என மூன்று தலைமுறை அரசர்கள்மீதும் உலா பாடினார். அவை மூவருலா எனப்படுகின்றன. மற்றொன்று அடியார்களைத் தலைவர்களாகக் கொண்ட மரபு. இரண்டாம் குலோத்துங்கர் காலத்தில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அதன் உச்சம்.

தாராசுரம் கோயிலில் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார்களின் கதைகள் சிறு சிற்பங்களாக, பெயர்க் குறிப்புகளுடன் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. தன்மீது உலா பாடப்பெற்ற அரசர் எழுப்பிய கோயிலின் சுவரில் வேடரும் வணிகரும் உழவரும் குயவரும் இடம்பெற்றுள்ளனர். இன்று மூவருலாவைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களும் தமிழ் மாணவர்களும்தான். நாயன்மார் கதைகள் பாட்டிமார் சொல்லும் கதைகளாகவும், கோயில் சொற்பொழிவுகளாகவும், குருபூசைகளாகவும் வாழ்கின்றன. இதைப் பக்தியின் வலிமை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. தலைவனை எப்படிக் காட்டுவது என்பதில் இரு மரபுகளும் கொண்ட வேறுபாடும் அதற்குக் காரணம்.

உலாவின் தலைவன்

உலா கலிவெண்பாவால் அமைவது. தலைவனின் குலமுறை, அவன் துயிலெழுதல், அணிகள் பூணுதல், யானைமேல் ஏறுதல், வீதியில் வருதல் என்று தொடங்கும். பின்னர் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவ மகளிர் அவனைக் கண்டு காதல் கொள்வது விரிவாகச் சொல்லப்படும். சேரமான் பெருமாள் நாயனார் சிவபெருமான்மீது பாடிய திருக்கயிலாய ஞான உலா இவ்வகையின் முதல் நூல் என்பதால் ஆதியுலா எனப்படுகிறது. இறைவனுக்கு உரிய அந்த வடிவத்தைச் சோழ அரசருக்கு உரியதாக்கியவர் ஒட்டக்கூத்தர்.

இறைவன் வீதியில் வருவதே நிகழ்ச்சி. அவன் எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை. அரசன் அவ்வாறு வரும்போது வாசகருக்கு ஒரு குறை தோன்றுகிறது. உலா முழுவதிலும் தலைவன் ஒரு முடிவும் எடுப்பதில்லை. அவனுக்கு ஐயம் இல்லை, இழப்பு இல்லை. அவன் கடந்து செல்கிறான், மற்றவர்கள் உருகுகிறார்கள். பாவையோடு விளையாடும் பேதைச் சிறுமியும், வளை கழல நிற்கும் மங்கையும் உயிர்ப்புடன் இருக்கின்றனர். கூத்தரின் கவித்திறன் அவர்களிடம்தான் செலவாகிறது. யானைமேல் இருப்பவன் அவர்கள் பார்வை சென்று சேரும் இடமாக மட்டும் எஞ்சுகிறான்.

சோழர் உலாக்களின் குலமுறைப் பகுதி இதில் கவனத்துக்குரியது. பசுவின் துயருக்காக மகன்மேல் தேர் செலுத்திய மனுவும், புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியும் அங்கே முன்னோராகச் சொல்லப்படுகின்றனர். பாட்டுடைத் தலைவனின் பெருமைக்கு ஆதாரமாக வருபவை முன்னோரின் இழப்புகள். அவன் அவற்றுக்கு வாரிசு, ஆனால் அவற்றில் எதையும் அவன் அடையவில்லை. ராஜராஜ சோழன் உலாவின் ஒவ்வொரு கண்ணிக்கும் அரசர் ஆயிரம் பொன் அளித்ததாக மரபுச் செய்தி உண்டு. அது உண்மையானால் தமிழில் மிக அதிக விலை கொடுத்துப் பெறப்பட்ட பாத்திரப் படைப்புகளில் ஒன்று அது. வாசகரின் அன்பை அந்தப் பொன் பெற்றுத் தரவில்லை.

திறையும் தலைகளும்

அரச மரபும் அடியார் மரபும் ஒரே சூழலை எப்படிக் கையாள்கின்றன என்பதை இரு நூல்களை ஒப்பிட்டு அறியலாம்.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி முதற்குலோத்துங்கரின் கலிங்க வெற்றியைப் பாடுவது. கலிங்க மன்னன் திறை செலுத்தவில்லை. அரசர் காஞ்சியில் இருந்தபடி படையை அனுப்புகிறார். கருணாகரத் தொண்டைமான் சென்று போரிட்டு வென்று திரும்புகிறான். பாட்டுடைத் தலைவர் களத்தில் இல்லை. நூலைப் படித்தவர்கள் நினைவுகூர்பவை கடைதிறப்பின் பெண்களும், பசியால் வாடும் பேய்களும், களத்தில் அவை கூழ் அடும் காட்சியும், அடுத்தபடியாகத் தொண்டைமானின் போரும். பேய்களுக்குப் பசி இருக்கிறது, தொண்டைமானுக்குச் செய்ய வேண்டிய பணி இருக்கிறது. அரசருக்கு வெற்றி மட்டுமே இருக்கிறது.

பெரியபுராணத்தில் புகழ்ச்சோழ நாயனார் கதை ஏறத்தாழ இதே தொடக்கம் கொண்டது. அதிகன் திறை செலுத்தவில்லை. கருவூரில் இருந்த அரசர் படையை அனுப்புகிறார். படை வென்று, வெட்டப்பட்ட தலைகளுடன் திரும்புகிறது. புகழ்ச்சோழர் அத்தலைகளைப் பார்க்கிறார். அவற்றில் ஒன்றில் சடை இருக்கிறது. தன் ஆணை ஒரு சிவனடியாரைக் கொன்றுவிட்டது என்று உணர்கிறார். மகனுக்கு முடிசூட்ட ஏற்பாடு செய்துவிட்டு, அத்தலையைப் பொற்றட்டில் ஏந்தியபடி தீயில் இறங்குகிறார்.

இரு அரசர்களும் அரண்மனையில் இருந்தே போரை நடத்தினர். இருவரும் வென்றனர். ஒருவரிடம் வெற்றியின் கணக்கு வருகிறது. மற்றவர் அதன் உள்ளே ஒரு முகத்தைக் காண்கிறார். பரணியின் அரசருடைய பேரன் ஆண்ட காலத்தில், சோழ அமைச்சராக இருந்தவர் எனச் சொல்லப்படும் சேக்கிழார் இக்கதையை எழுதினார் என்பது அதன் கூர்மையை மிகுவிக்கிறது. ஆணையிடுபவர் ஆணையின் விளைவைத் தன் கண்ணால் பார்த்து, அதைத் தன்னுடையதாக ஏற்கும் கணம் பரணியில் இல்லை, புராணத்தில் இருக்கிறது.

பெரியபுராணத்தின் தொடக்கத்தில் வரும் மனுநீதிச்சோழன் கதையும் இவ்வகையே. மகனைக் கொல்லும்படி அரசர் அமைச்சரிடம் சொல்கிறார். அமைச்சர் அதைச் செய்ய மனமின்றித் தன்னுயிரை விடுகிறார். அதன்பின் அரசரே தேரேறுகிறார். பிறரிடம் ஒப்படைக்க முடியாத செயல் என்று ஒன்று உண்டு என்பதை அறிந்த பிறகே அவர் திருவாரூர் மக்களின் மனதில் அரசராகிறார்.

தாராசுரத்துக்கு மிக அருகிலான கதை பழையாறையைச் சேர்ந்த அமர்நீதி நாயனாருடையது. அவர் அரசர் அல்ல, துணி முதலிய பொருள்களை விற்ற வணிகர். காணாமல்போன ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தன் செல்வம் முழுவதையும் தராசில் வைக்கிறார். தட்டு இறங்கவில்லை. இறுதியில் மனைவியுடனும் மகனுடனும் தானே ஏறி நிற்கிறார். பாத்திரப் படைப்பு குறித்த விமர்சனத்துக்கும் இந்தத் தராசு உதவும். ஒரு தலைவனை எதிர்த்தட்டில் எதை வைத்து நிறுக்கிறார் ஆசிரியர் என்பதே கேள்வி. உலாவில் எதிர்த்தட்டு வெறுமையாக இருக்கிறது.

செங்குட்டுவனும் நெடுஞ்செழியனும்

அரசரைப் பாடுவதா அடியாரைப் பாடுவதா என்ற வேறுபாடு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. சிலப்பதிகாரம் சமயச் சார்பின்றி இதையே காட்டுகிறது. வஞ்சிக் காண்டம் முழுவதும் சேரன் செங்குட்டுவனுக்கு உரியது. அவன் இமயம்வரை படை நடத்துகிறான், கனக விசயரை வெல்கிறான், அவர்கள் தலைமேல் கல்லை ஏற்றிக் கொண்டுவருகிறான். பாண்டியன் நெடுஞ்செழியன் வருவதோ மதுரைக் காண்டத்தின் சில காட்சிகளில் மட்டும். அவன் செய்தது பெரும் தவறு. ஆயினும் வாசகர் நினைவில் ஆழமாக நிற்பவன் பாண்டியன்தான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் தன்னைத் தானே கள்வன் என்று அறிந்து உயிர் நீங்கும் அந்த ஒரு காட்சிக்கு இமயப் படையெடுப்பு ஈடாகவில்லை.

இளங்கோவடிகள் இதை அறிந்தே அமைத்தார் என்று கருத இடமுண்டு. பாண்டியனின் இறப்பைக் கேள்வியுற்றபோது, அரசப் பொறுப்பு எவ்வளவு அஞ்சத்தக்கது என்று ஆழமாகப் பேசுபவன் செங்குட்டுவன். ஆட்சியைப் பற்றிய சிறந்த சொற்கள் செங்குட்டுவனுக்கு அளிக்கப்பட்டன. அச்சொற்களின் பொருள் பாண்டியனுக்கு நேர்ந்தது. வாசகர் சொன்னவனை மதிக்கிறார், நேர்ந்தவனை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

புதினங்களின் தலைவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றுப் புதினங்களில் பழைய பாட்டுடைத் தலைவன் கதாநாயகனாக மீண்டும் வந்தான். பழைய சிக்கலும் உடன் வந்தது.

கல்கியின் பார்த்திபன் கனவில் விக்கிரமனே தலைவன். தந்தையின் கனவை நிறைவேற்ற வேண்டியவன். ஆனால் அவன் கலகம் தொடங்கும் முன்பே முறியடிக்கப்படுகிறது. நாடு கடத்தப்பட்டுச் செண்பகத் தீவில் இறங்கியதும் அங்குள்ளோர் அவனை அரசனாக ஏற்றுக்கொள்கின்றனர். இரத்தின வணிகனாகத் திரும்பி வரும்போது தாக்கப்படுகிறான், காய்ச்சலில் விழுகிறான், குந்தவியால் காப்பாற்றப்படுகிறான். கதையின் முடிச்சுகளை அவிழ்ப்பவர் மாறுவேடத்தில் உலவும் நரசிம்ம பல்லவர். காவிரித் தோணித்துறையின் ஓடக்காரன் பொன்னனுக்கும் அவன் மனைவி வள்ளிக்கும் உள்ள துணிவும் பேச்சும்கூட விக்கிரமனுக்கு இல்லை. ஆசிரியரே எல்லாத் துன்பங்களிலிருந்தும் தூக்கிவிடும் தலைவனுக்காக வாசகர் கவலைப்படத் தேவையில்லாமல் போகிறது.

பொன்னியின் செல்வன் (கல்கி இதழில் 1950-1954) இன்னும் நுட்பமானது. நூலின் பெயரே அருள்மொழிவர்மனைக் குறிக்கிறது. அவன் வீரன், அன்பன், கலை அறிந்தவன், மக்களால் போற்றப்படுபவன். ஆயினும் வாசகரின் தோழன் வந்தியத்தேவன். முதல் பாகம் முழுவதும் அருள்மொழியைப் பற்றிப் பிறர் புகழ்வதையே வாசகர் கேட்கிறார். அவன் நேரில் வருவது இரண்டாம் பாகத்தில். உலாவின் அமைப்பு இங்கே அறியாமல் திரும்ப வருகிறது. வந்தியத்தேவனோ முதல் அத்தியாயத்திலிருந்தே தவறு செய்கிறான், பொய் சொல்கிறான், மாட்டிக்கொள்கிறான், தப்பிக்கிறான்.

அருள்மொழி உண்மையில் மனம் கவரும் இடம் கடற்புயல் காட்சி. எரியும் கப்பலில் சிக்கிய நண்பனுக்காக அவன் தான் இருந்த பாதுகாப்பான கப்பலைவிட்டுப் படகில் இறங்குகிறான். இருவரும் கடலில் தத்தளித்துப் பூங்குழலியின் படகால் மீட்கப்படுகின்றனர். கப்பலில் இருக்கும் இளவரசனைவிடக் கப்பலை இழந்த இளவரசன் நெருக்கமானவனாகிறான்.

புதினத்தின் இறுதியில் அவன் மணிமுடியை உத்தம சோழருக்கு அளிக்கிறான். ஐந்தாம் பாகத்தின் பெயர் தியாக சிகரம். ஆனால் அருள்மொழி அரியணையை ஆழமாக விரும்பியதாகப் புதினம் எங்கும் காட்டுவதில்லை. கடல் கடந்த நாடுகளே அவன் கனவு. தியாகம் இழப்பாக உணரப்பட, இழக்கப்படும் பொருள் விரும்பப்பட்டதாக இருக்க வேண்டும். அவன் மகிழ்ச்சியுடன் திட்டமிட்டு முடியைக் கொடுக்கிறான். வாசகர் வியக்கிறார், ஆனால் கலங்குவதில்லை. ஆதித்த கரிகாலனின் குற்றவுணர்வும் கொந்தளிப்பும் அதைவிட நீண்டகாலம் நினைவில் நிற்பதற்கு இதுவே காரணம்.

சாண்டில்யனின் கடல் புறா இக்கருத்துக்கு எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். கலிங்கத்துப்பரணியின் தொண்டைமானே அதில் இளையபல்லவன் என்னும் மரக்கலத் தலைவன். ஏறத்தாழத் தோல்வியே அறியாதவன், ஆனாலும் ஒரு தலைமுறையின் கனவு நாயகன். ஆனால் அவன் தமிழருக்குப் பகையான பாலூர்த் துறையில் துணையின்றி வந்திறங்குகிறான். அகூதா என்ற கடற்கொள்ளைத் தலைவனிடம் பணிந்து கற்கிறான். அவன் தலைமை பிறப்பால் வந்ததன்று, வாசகரின் கண்முன் ஈட்டப்பட்டது. கதை வளர்ந்து அவன் பிழையற்றவனாகும்போது வாசகரின் ஈடுபாடு அவனிடமிருந்து அவன் உத்திகளுக்கு நகர்கிறது. அடுத்து என்ன தந்திரம் என்ற ஆவல் மிஞ்சுகிறது. அவனுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் குறைகிறது.

விண்கலத் தலைவர்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் விண்கலக் கேப்டன்களிடமும் இதே விதி செயல்படுகிறது. 1987-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் கேப்டன் பிக்கார்ட் தொடக்கத்தில் விறைப்பான, சொற்பொழிவாற்றும் தலைவராகவே இருந்தார். 1990-ல் அவர் போர்க் எனும் எதிரிகளால் பிடிக்கப்பட்டுத் தன் மக்களுக்கு எதிராகவே பயன்படுத்தப்படும் கதை வந்தது. அதை அடுத்த கதையில் அவர் சொந்த ஊரின் திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் அண்ணனுடன் கட்டிப்புரண்டு அழுகிறார். பிக்கார்ட் பின்னர் பெற்ற பேரன்பில் அந்த அழுகைக்குப் பெரும் பங்கு உண்டு.

2001 முதல் 2005 வரை வந்த தொடரின் கேப்டன் ஆர்ச்சர் முதல் இரு பருவங்களில் பலரைக் கவரவில்லை. மனிதகுலத்தின் முதல் பெரும் விண்பயணத் தலைவர் என்ற பெருமை அவருக்குக் கதையின் அமைப்பாலேயே வழங்கப்பட்டிருந்தது. மூன்றாம் பருவத்தில் பூமியைக் காக்கும் நெருக்கடியில், குற்றமற்ற வேற்றுக்கலத்தவரிடமிருந்து இயந்திரத்தின் இன்றியமையாத பகுதியை அவர் வலிந்து பறிக்கிறார். அவர்கள் வீடு திரும்ப மூன்றாண்டுகள் ஆகும் என்று அறிந்தே அதைச் செய்கிறார். அச்செயல் சரியா என்று விவாதிக்க முடிகிறது. விவாதிக்க ஏதேனும் இருந்தபோதுதான் ஆர்ச்சர் பாத்திரமானார்.

கேப்டன் ஜேன்வே (1995-2001) பற்றிய கருத்துவேறுபாடு வேறு வகையானது. முதல் கதையிலேயே அவர் ஒரு பலவீனமான இனத்தைக் காக்க, வீடு திரும்பும் வழியைத் தானே அழிக்கிறார். எழுபதாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் தன் குழுவினருடன் தனித்து விடப்படுகிறார். மனுநீதிச் சோழனுக்கு நிகரான தொடக்கம். ஆனால் அதன் விலையைத் தொடர் முழுமையாகப் பின்தொடரவில்லை. ஒரு கதையில் உடையும் கலம் அடுத்த கதையில் புதிதாக நிற்கிறது. நரக ஆண்டு என்ற பொருள்படும் இருபகுதிக் கதையில் எல்லாம் அழிந்தபின் காலமே பின்னோக்கித் திருப்பப்பட்டு அழிவு நடக்காததாகிறது. பெண் தலைமையை ஏற்க மறுத்த பார்வையாளர்களின் மனச்சாய்வும் அவர்மீதான எதிர்ப்பில் இருந்தது. எனினும் அவரை விரும்பியவர்களும் சுட்டிய குறை இது: கேப்டன் கொடுத்த விலையை எழுத்தாளர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

மாற்றுக் கருத்துகள்

உலாவை இவ்வாறு மதிப்பிடுவது பொருந்தாது என்ற கருத்து உண்டு. உலா கதை அல்ல, சிற்றிலக்கியம். அரசனின் அக வாழ்வைச் சொல்வது அதன் நோக்கம் அல்ல. அவையில் பாடப்படும்போது அதன் ஓசையும் அடுக்கும் சடங்கின் நிறைவை அளித்தன. இக்கருத்து சரியே. ஒட்டக்கூத்தரின் ஆற்றலை உலாவைக் கொண்டு மட்டும் அளக்கவும் முடியாது. தக்கயாகப்பரணியில் அவருடைய கற்பனை வேறு வேகம் கொள்கிறது. ஆனால் உலாவின் உத்தி உலாவுடன் முடிந்துவிடவில்லை. பிறர் புகழ்வதைக் காட்டித் தலைவனை நிறுவும் முறை புதினங்களுக்கும், பின்னர் திரைப்படக் கதாநாயகனின் அறிமுகக் காட்சிக்கும் சென்றது. சடங்குக்கு உரிய உத்தியைக் கதையில் பயன்படுத்தும்போது கதைக்கு உரிய அளவுகோலால் அது மதிப்பிடப்படும்.

குறையுள்ள தலைவனே வெல்வான் என்ற எளிய முடிவும் சரியல்ல. புகழ்ச்சோழரிடமும் அமர்நீதியிடமும் குணக்குறை ஏதுமில்லை. தலைவனுக்குக் கோபமோ குடியோ பழைய குற்றமோ ஒட்டிவைப்பதால் அவன் நெருக்கமாவதில்லை. தேவைப்படுவது குறை அல்ல, விலை. அவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்வால் விரும்பிய ஒன்றை இழக்க வேண்டும், அந்த இழப்பை ஆசிரியர் மீட்டுத் தரக்கூடாது. பெரியபுராணத்திலும் இறுதியில் இறைவன் தோன்றி அருள்வது உண்டு. மனுநீதிச் சோழனின் மகனும் உயிர்பெற்று எழுகிறான். ஆனால் தேர் ஏறி முடிந்த பின்பே அது நிகழ்கிறது. திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி அரசருக்கு இல்லை. கேட்பவருக்கும் அந்த நொடியில் இல்லை.

மதிப்பீடு

வாசகர் மனம் வெல்லாத தலைவர்கள் பெரும்பாலும் தீயவர்களோ திறமையற்றவர்களோ அல்லர். அவர்களை ஆசிரியர் அளவுக்கு மீறி நேசித்துவிட்டார் என்பதே சிக்கல். நேசத்தால் அவர்களைப் புகழ்ச்சியால் சூழ்ந்து, துன்பத்திலிருந்து காத்து, இழப்பை ஈடுசெய்துவிடுகிறார். வாசகர் செய்ய வேண்டிய அன்பின் பணியை ஆசிரியரே முடித்துவிடுவதால் வாசகருக்கு அங்கே வேலை இல்லை.

சோழர் வரலாறு மீண்டும் மீண்டும் புதினமாகவும் திரைப்படமாகவும் ஆகும் இன்றைய சூழலில் இது பழைய நூல்களைப் பற்றிய செய்தி மட்டும் அல்ல. முன்னோரைப் பெருமையால் மட்டும் நிரப்பி எழுதும்போது அவர்கள் யானைமேல் கடந்துசெல்லும் உருவங்களாகிவிடுகின்றனர். அடுத்த தலைமுறை அவர்களை வணங்கலாம், உடன் செல்லாது. தாராசுரத்தில் அரசரின் பட்டப்பெயர் தாங்கிய தேர்மண்டபத்தைக் கடந்து கருவறைச் சுவரின் அடியில் குனிந்து பார்ப்பவர், தராசில் ஏறியவர், தலையை ஏந்தியவர், கண்ணை இடந்து அப்பியவர் எனப் பலருடைய கதைகளைக் காண்கிறார். தன்மீது பாடப்பட்ட உலாவைக் கேட்டிருந்த அரசர் கல்லில் நிலைக்கச் செய்தது அக்கதைகளையே.